நியமனக் கடிதம் வந்த பிறகு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் நம் கரையோர ஊர்களில் ஓர் அரச நியமனம் என்பது ஒரு வீட்டின் பல வருடக் காத்திருப்பு. பட்டம் முடித்து, பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய்வந்து, வர்த்தமானியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த பிறகு கையில் வரும் கடிதம் அது. அதனால்தான் கடிதம் வந்ததோடு காரியம் முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள், பிள்ளையும் நினைக்கிறது. நியமனம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரில் எத்தனையோ பேர். எடுத்த பிறகு முதல் ஆறு மாதத்தை எப்படிக் கொண்டுபோவது என்று உட்கார வைத்துச் சொல்லித்தர அநேகமாக ஆளில்லை.

அரச உத்தியோகத்தை வைத்தே இங்கே அதிகம் எழுதுகிறேன். நம் பக்கம் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தேடுவது அதைத்தான். கடைக்கும் கம்பனிக்கும் கட்டாருக்கும் போகிறவர்களுக்கு வேண்டியது பின்னால் வருகிறது.

2020 செப்டெம்பரில் நாடு முழுக்க ஏறக்குறைய 50,000 வேலையற்ற பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாகச் சேர்த்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகே நிரந்தரம். சேர்ந்த அடுத்த மாதமே கொரோனாவின் இரண்டாவது அலை வந்துவிட்டது. நம் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஏற்கனவே நிறைந்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கதிரை பற்றவில்லை, மேசை பற்றவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக வேலை பற்றவில்லை. காலையில் வந்து கையொப்பம் வைப்பது, கூடிப் பேசுவது, ஃபோனைப் பார்ப்பது, நாலேகாலுக்கு வீட்டுக்குப் போவது என்று மாதங்கள் கழிந்தன. அதில் அந்தப் பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் ஆளை மட்டும் அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

ஆனாலும் அதே ஒபிஸ்களில், அதே நெருக்கடியில், சில பிள்ளைகள் ஆறு மாதத்துக்குள் இல்லாமல் முடியாத ஆட்களாகிவிட்டார்கள். “அந்தத் தங்கச்சி லீவெண்டா இந்த வேலை நிண்டுரும்” என்று நிர்வாக உத்தியோகத்தர் (ஏ.ஓ.) சொல்லுமளவுக்கு. அவர்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. ‘என்னுடைய வேலை எது?’ என்ற கேள்விக்கு யாரிடமாவது தெளிவான பதிலை வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்ல வருவதும் இந்த ஒன்றைத்தான். புதிய பதவியின் ஆரம்ப மாதங்களில் அந்தக் கேள்விக்கான பதிலை எழுத்தில் பெற்றுக்கொண்டவருக்கு மற்றதெல்லாம் கைகூடும். பெறாதவர் மேலதிகாரியின் கோபத்துக்கும் சக ஊழியரின் இழுபறிக்கும் சொந்தக்காரரின் சிபாரிசுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

ஏன் பலர் இதைக் கேட்பதில்லை? வெட்கம்தான். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். உண்மையில் முதல் மாதத்தில் கேட்கிறவரை யாரும் அப்படி நினைப்பதில்லை. புதிதாக வந்தவர் கேட்கத்தானே வேண்டும். எட்டாவது மாதத்தில் அதே கேள்வியைக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். கேட்பதற்கு இருக்கிற இந்த உரிமை கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும்.

அரச அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு தாள் இருக்கிறது: கடமைப் பட்டியல். உங்கள் பெயருக்கு எந்த விடயம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, யாருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று அலுவலகத் தலைவர் கையொப்பமிட்டுத் தருவது. அது கையில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். இரண்டு கிழமை வேலை பார்த்த பிறகு நீங்களே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நான் இப்போது செய்வது இன்ன இன்ன வேலை. இவற்றை இன்னார் தந்தார். இதில் எனக்குத் தெளிவில்லாதது இது. அதை நிர்வாக உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். “சேர், நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். சரியா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க.” ஐந்து நிமிடப் பேச்சு. அவர் பேனாவை எடுத்து ஒன்றை வெட்டுவார், ஒன்றைச் சேர்ப்பார். அந்தத் திருத்தங்களோடு அதுதான் உங்கள் கடமைப் பட்டியல். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியிடம் இன்னும் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக வேண்டும்: எதை நானே முடித்து அனுப்பலாம், எதை உங்களிடம் காட்டித்தான் அனுப்ப வேண்டும்? புதியவர்கள் வாங்குகிற ஏச்சில் பாதி இந்த எல்லை தெரியாததால் வருவது. சின்னக் கடிதத்துக்கெல்லாம் உள்ளே போய் நின்றால் எரிச்சல்படுவார். பெரிய விஷயத்தைச் சொல்லாமல் அனுப்பினால் பொறுக்க மாட்டார்.

மைக்கேல் வாட்கின்ஸ் என்பவர் புதிய பதவியின் முதல் 90 நாட்களைப் பற்றி 2003-இல் ஒரு புத்தகம் எழுதினார். கம்பனி முகாமையாளர்களுக்காக எழுதியது. ஆனாலும் நமக்கு எடுத்துக்கொள்ள அதில் இரண்டு விஷயம் உண்டு. புதியவர் மேலதிகாரியோடு ஐந்து விஷயங்களைப் பேசித் தெளிவாக வேண்டும் என்கிறார் அவர். இந்த இடத்தின் நிலைமை என்ன, என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள், அதற்கு என்னென்ன வசதி கிடைக்கும், உங்களோடு எப்படி வேலை செய்ய வேண்டும், நான் எதில் வளர வேண்டும். இவற்றில் நான்காவதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு சேருக்கு எல்லாம் தாளில் வர வேண்டும். இன்னொருவர் வாயால் சொன்னால்தான் கேட்பார். மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் போட்டால் உடனே பதில் தருவார். அறைக்குள் போனால் தலை நிமிர மாட்டார். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது. இரண்டாவது விஷயம்: புதிதாக வந்தவர் ஆரம்பத்தில் அந்த இடத்துக்குக் கொடுப்பதைவிட அதிலிருந்து எடுப்பதுதான் அதிகம், கொடுப்பதும் எடுப்பதும் சரிக்குச் சரியாக வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது என்கிறார். மூன்றாம் கிழமையிலேயே ‘நான் இதற்கு லாயக்கில்லையோ’ என்று மனம் உடைகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். மூன்றாம் கிழமையில் யாருமே லாயக்கானவர் இல்லை.

இனி கோவைகளுக்கு வருவோம். அரச அலுவலகத்தின் ஞாபகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சாதாரணமாக ஒரு கோவையைத் திறந்தால் ஒரு பக்கம் மினிட் தாள், மறு பக்கம் கடிதங்கள். மிகப் பழைய கடிதம் அடியில் கிடக்கும், புதியது மேலே. ஒவ்வொரு தாளுக்கும் இலக்கம். மினிட் தாளில் உத்தியோகத்தர் எழுதியது, அதற்கு மேலதிகாரி எழுதிய பதில், திகதி, சின்னக் கையொப்பம் என்று வரிசையாக வரும். புதியவர் மேலே கிடக்கும் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதத் தொடங்குவார். அடியிலிருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள். ஒரு விண்ணப்பம் எந்தத் திகதியில் வந்தது, எங்கே இரண்டு மாதம் நின்றது, யார் எந்தச் சுற்றுநிருபத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார், எந்த ஒரு பத்திரம் வந்த பிறகு சட்டென்று நகர்ந்தது என்று எல்லாம் அதில் தெரியும். உங்கள் விடயத்தில் முடிந்துபோன பழைய கோவைகளில் ஒரு பத்தை எடுத்து இப்படி வாசித்தால் மூன்று நாள் செயலமர்வில் கிடைக்காத படிப்புக் கிடைக்கும். 2020-இல் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் யார் இதைச் செய்தார்களோ அவர்களிடம்தான் பிறகு விடயம் ஒப்படைக்கப்பட்டது.

மினிட் எழுதும் முறையும் இந்தக் கோவைகளிலிருந்தே வரும். நல்ல மினிட் நாலு வரிக்கு மேல் போகாது: வந்தது என்ன, விதி என்ன சொல்கிறது, முன்னர் இதே போன்றதற்கு என்ன செய்தோம், இப்போது என்ன செய்யலாம் என்று நான் கருதுகிறேன். கடைசி வரிதான் முக்கியம். புதியவர்கள் பயத்தில் அதை விட்டுவிட்டு ‘தங்கள் உத்தரவுக்கு’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். பிழையென்றால் சேர் வெட்டுவார்; அடுத்த முறை சரியாக வரும்.

நம் பக்கத்தில் இதோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது. தமிழ் 1987-இல் 13-ஆம் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாகிவிட்டது. ஆனால் அம்பாறைக் கச்சேரியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் கடிதங்கள் இன்றும் பல வேளை சிங்களத்தில்தான் வருகின்றன. மொழிபெயர்த்துத் தர ஒவ்வொரு ஒபிஸிலும் ஒரு ஆள் இருப்பார். அவர் லீவில் போனால் கடிதம் தூங்கும். 2007 ஜூலை 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007-ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் சொன்னது. பின்னால் வந்த சுற்றுநிருபங்கள் விபரங்களை மாற்றியிருக்கின்றன. அந்தப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் விடயத்துக்கு வரும் சிங்களக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சச் சொற்கள்தான்: அனுமதி, ஒதுக்கீடு, அறிக்கை, உடனடியாக, இணைப்பு, முடிவுத் திகதி. ஒரு கொப்பியில் கடிதத்தில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் தமிழைப் போட்டுக்கொண்டு வாருங்கள். கடிதத்தைப் பார்த்தவுடன் இது எதைக் கேட்கிறது, எத்தனையாம் திகதிக்குள் கேட்கிறது என்று சொல்ல முடிந்தாலே ஒபிஸில் உங்கள் இடம் மாறிவிடும்.

சக ஊழியர்களோடு பழகுவதில் முதலில் கவனிக்க வேண்டியவர் கே.கே.எஸ். எனப்படும் அலுவலக உதவியாளர். எந்தக் கோவை எந்த ராக்கையில், யாரிடம் எப்போது போனால் கையொப்பம் கிடைக்கும், போன வருடம் இதே பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் உங்கள் வாப்பாவின் வயதுக்காரர். ‘காக்கா’ என்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லி அதட்டாதீர்கள். அடுத்து, இருபது வருடமாக அதே மேசையில் இருக்கும் எழுதுநர். பட்டம் இருக்காது, சம்பளப் படிநிலை உங்களைவிடக் கீழே இருக்கலாம், ஆனால் வேலை முழுக்க அவர் கையில். பட்டதாரிகள் கூட்டமாக வந்து இறங்கியபோது இவர்கள் மனம் நொந்தது உண்மை. கரைவலை இழுக்கும்போது புதிதாகக் கயிற்றைப் பிடித்தவன் தன் பலத்தைக் காட்டத் தனியே இழுத்தால் வலை ஒரு பக்கம் சாய்ந்து மீன் போய்விடும். மற்றவர்களின் தாளத்துக்கு முதலில் கை பழக வேண்டும். “நாங்க கெம்பஸ்ல இப்பிடித்தான் செஞ்சம்” என்ற வசனத்தை முதல் மூன்று மாதத்துக்கு வாயில் எடுக்காதீர்கள். மாற்ற வேண்டியது என்று கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்தால், பாதிக்கு ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மிச்சப் பாதிதான் மாற்ற வேண்டியது.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயம். கொழும்பில் வேலைக்குச் சேர்கிறவருக்கு வெளியாட்கள் வெளியாட்கள்தான். மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மாமா, சாச்சி, மதரசாவில் ஓதித் தந்த ஹஸரத், பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் போய் இருக்கிற வழக்கம் நம்முடையது. ஆகவே ஒருவருக்கு இரண்டு பக்கச் சொந்தம், சில வேளை இரண்டு ஊர்ச் சொந்தம். நியமனம் கிடைத்த செய்தி பரவி ஒரு மாதத்துக்குள் முதல் ஆள் வீட்டுக்கு வருவார். மஃரிபுக்குப் பிறகு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மெதுவாக:

“மருமகன், நம்மட காணிப் பைல் ஒங்கட ஒபிஸ்லதான் கெடக்காம். மூணு மாசமாகுது. கொஞ்சம் பாருங்களன்.”

இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சாரார் ‘பாத்துச் செய்றன் மாமா’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் மேசையில் போய்க் கோவையைத் தேடி, அந்த உத்தியோகத்தரின் மனக்கசப்பை வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார் ‘அதெல்லாம் எனக்குத் தெரியாது’ என்று முகத்தை முறித்து, பெரிய ஆளாகிவிட்டான் என்ற பேரை வாங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நேரான பாதை ஒன்று உண்டு. சட்டமே அதைத் திறந்து வைத்திருக்கிறது. 2016-இன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு. ஆகவே கோவை எங்கே இருக்கிறது, எந்தப் பத்திரம் குறைகிறது என்று சொல்வது உபகாரமே அல்ல. மாமாவுக்கும் சொல்லலாம், முன்பின் தெரியாதவருக்கும் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். வரிசையை மாற்றுவதுதான் கூடாது.

“மாமா, அந்தப் பைல் என்ட பொறுப்புல இல்ல. ஆருக்கிட்ட இரிக்கி, என்ன பத்திரம் கொறயுது எண்டு கேட்டுச் சொல்றன். மத்தப்படி முறைப்படிதான் வரும்.”

இப்படிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. அடுத்த நாள் கேட்டுச் சொல்லியும் விட வேண்டும். அதை மறந்தால் சொன்னதெல்லாம் வீண். ‘என் பொறுப்பில் இல்லை’ என்று நிமிர்ந்து சொல்ல முடிவது, பொறுப்பு எது என்று முன்னரே தெளிவாகியிருப்பதால்தான். கடமைப் பட்டியல் இங்கேயும் கைகொடுக்கிறது.

கொஞ்ச நாளில் ஒரு சட்டித் தயிர் வரும். அல்லது கரையில் வாங்கிய நல்ல பாரை மீன் ஒன்று. கொண்டுவருகிறவர் நல்ல மனத்தோடுதான் கொண்டுவருவார். இது பற்றி நம் மார்க்கத்தில் தெளிவான ஒரு சம்பவம் இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவானது. ஸகாத் வசூலிக்கும் பொறுப்புக்கு நபியவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை நியமித்து அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தார். தன் தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். மிம்பரில் ஏறி மக்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்கள். அவரும் புதிதாகப் பொறுப்பேற்ற உத்தியோகத்தர்தான். நியமனத்துக்கு முன்னர் உங்கள் வீட்டுக்கு வராத தயிர்ச்சட்டி இப்போது வருகிறதென்றால் கணக்கு எளிது. நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானது. 2023-இன் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழைய இலஞ்சச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. முதல் தடவை மரியாதையாகத் திருப்பி அனுப்பினால் இரண்டாம் தடவை வராது. முதல் தடவை வாங்கிவிட்டால் பிறகு மறுப்பது மிகவும் கஷ்டம். அதனால்தான் இதை ஆரம்ப மாதங்களுக்கான விஷயமாக எழுதுகிறேன்.

இதெல்லாம் உரசிப் பார்க்கப்படுவது மாரியில்தான். செப்டெம்பரில் கடமையேற்றவருக்கு நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். 2024 நவம்பர் வெள்ளம் நம் கரையோரத்தை எப்படி ஆக்கியது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது விடயம், பதவி என்ற பேதமெல்லாம் இல்லாமல் எல்லோரும் நிவாரணத்தில் இறங்க வேண்டும். புதியவர் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் பெயர்ப் பட்டியல். ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்துக்கு உலருணவு இல்லை. ஒரு பெயர் இரண்டு முறை வந்தால் ஊரே பேசும். கிராம உத்தியோகத்தரோடு வீடு வீடாகப் போங்கள், அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள், அன்றிரவே இன்னொருவரை உரக்க வாசிக்க வைத்துச் சரிபாருங்கள். சொந்தக்காரர் பெயரும் அதே விதியின்படி மட்டுமே வரட்டும். ஒரு மாரியைச் சுத்தமாகக் கடந்த உத்தியோகத்தருக்கு ஊரில் கிடைக்கும் பெயர் நெடுநாளைக்கு நிற்கும்.

சீக்கிரமே ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கும்; இருக்கவும் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விஷயம். நம் பிரதேசத்திலிருந்தே ஓர் உதாரணம். எம்.எச்.எம். அஷ்ரஃப் 1994 ஆகஸ்டில் அமைச்சரானார். தென்கிழக்குக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது இந்தப் பிரதேசத்தின் அவசரத் தேவையாக இருந்த காலம். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் யுத்தத்தால் நம் பிள்ளைகள் தவித்தார்கள். ஒலுவிலில் கட்டிடங்கள் எழும்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 23-இல் அட்டாளைச்சேனையில், இருந்த இடத்தில், பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிவிட்டது. 1996 மே 15-இல் அது முழுப் பல்கலைக்கழகமானது. ஒரு அமைச்சரின் அதிகாரத்தையும் புதிய அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவரின் அதிகாரத்தையும் ஒப்பிட வரவில்லை. மக்கள் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருப்பதை எடுத்ததும், கையில் இருப்பதை வைத்துத் தொடங்கியதும்தான் கவனிக்க வேண்டியவை.

உங்கள் மேசையில் அது என்னவாக இருக்கும்? கவுண்டரில் ஒரு கிழமை நின்று பாருங்கள். ஒரு உம்மா அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு பத்திரத்தின் நிழற்பிரதி இல்லையென்று திரும்பிப் போவார். மறுநாள் வந்தால் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் பழையது என்பார்கள். மூன்றாம் முறை வருவார். எந்த விண்ணப்பத்துக்கு என்னென்ன பத்திரம், எத்தனை பிரதி, எந்த உத்தியோகத்தர், எந்தக் கிழமை என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் தயாரித்து, விடய உத்தியோகத்தரிடம் காட்டிச் சரிபார்த்து, சேரின் அனுமதியோடு சுவரில் ஒட்டுங்கள். விடய உத்தியோகத்தரின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்; அவர் தந்த விபரம்தானே. ஒரு சதம் செலவில்லை. அந்த உம்மாவின் இரண்டு பஸ் பயணங்கள் மிச்சம்.

பாடசாலைக்குப் போகும் புதிய ஆசிரியர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் தாதிமாருக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்குக் கற்றுத்தர மூத்தவர்கள் பக்கத்திலேயே இருப்பது ஒரு வசதி.

தனியார் துறைக்குப் போகிறவர்களுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கல்முனை பஸாரில் ஒரு கடையிலோ நிதிக் கம்பனியிலோ சேர்ந்தால், 1954-இன் 19-ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. “ஆறு மாசம் ட்ரெய்னிங் முடியட்டும், பொறகு ஈ.பி.எஃப். போடுவம்” என்று சொல்வது நம் பக்கம் சாதாரணம், அது சட்டப்படி பிழை. பயிற்சியிலோ தகுதிகாணிலோ இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப். கட்ட வேண்டும்: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.ரீ.எஃப். 3 வீதம் அவரே. முதல் மாதச் சம்பளத் துண்டில் இதைப் பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள். கேட்டும் நடக்காவிட்டால் தொழில் திணைக்களம் இருக்கிறது. லீவிலும் ஒரு விபரம்: முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அமய லீவு; வருடாந்த லீவு அடுத்த வருடத்திலிருந்து. இது தெரியாமல் முதல் பெருநாளுக்கே ஒரு கிழமை கேட்டு மனம் நோகிறவர்கள் உண்டு. இன்னொன்று, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி, அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது என்கிறது 1971-இன் சட்டம். ஆகவே வரவுப் பதிவை நீங்களும் ஒரு கொப்பியில் வைத்திருங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஆரம்ப மாதங்கள் இன்னும் நெருக்கடி. கட்டாரில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது; ஐக்கிய அரபு இராச்சியத்திலும் அவ்வளவுதான். ஐக்கிய அரபு இராச்சியத்தில் அந்தக் காலத்துக்குள் நிறுத்துவதென்றால் முதலாளி 14 நாள் முன்னறிவித்தலை எழுத்தில் தர வேண்டும். அங்கேயே வேறு முதலாளியிடம் மாற நினைப்பவர் ஒரு மாதம் முன்னர் எழுத்தில் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டம் வேறு. இங்கே கையொப்பமிட்ட ஒப்பந்தத்தையும் அங்கே இறங்கிய பிறகு நீட்டப்படும் தாளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சம்பளமும் பதவிப் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் படமெடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அரச உத்தியோகத்தருக்குக் கடைசியாகச் சில காரியங்கள். புதிய நியமனத்தில் சாதாரணமாக மூன்று வருடம் தகுதிகாண் காலம். நியமனக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒரு முறையாவது முழுதாக வாசியுங்கள். பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடமையேற்ற கடிதத்தின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்தல் எல்லாம் தனிப்பட்ட கோவையில் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் வந்துவிட்டதா, அக்ரஹார காப்புறுதிக்குப் பெயர் போனதா என்று கணக்குக் கிளையில் கேளுங்கள். முதலாம் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்குத் தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணமும் படிக்க வேண்டியிருக்கும். ஒபிஸில் தினமும் கையில் படுகிற விதிகளை அன்றன்றே வாசித்தால் அது பாரமில்லை. பரீட்சை, மொழித் தேர்ச்சி, தகுதிகாண் முடிவு ஆகிய மூன்றின் கடைசித் திகதிகளையும் நியமனத் திகதியிலிருந்து எண்ணி, கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றே எழுதி வையுங்கள். விண்ணப்பம் கோருகிற அறிவித்தல் வரும்போது யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். ஒரு முடிவுத் திகதி தவறினால் உறுதிப்படுத்தலும் சம்பள ஏற்றமும் தள்ளிப்போகும்.